ஸ்கேன் நார்மல்தான், ஆனாலும் பையனை இப்போது ஆட விடாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பிளஸ் ஒன் படிக்கிறான், பள்ளிக் கபடி அணியில் ரெய்டர். 12 நாளுக்கு முன்பு நடந்த மேட்சில் நாலைந்து பேர் சேர்ந்து பிடித்தபோது எதிரணிப் பையனின் முழங்கால் இவன் பொட்டில் பட்டு, பின்மண்டை தரையில் மோதிவிட்டது. மயக்கம் போடவில்லை. எழுந்து மேட்சை முடித்துவிட்டுத்தான் வந்தான். ராத்திரி ஒரு தடவை வாந்தி எடுத்தான். தூங்கினால் கோமாவுக்குப் போய்விடுவான் என்று பெரியப்பா சொன்னதால் விடிய விடிய உட்கார வைத்திருந்தோம். பொட்டில் நன்றாக வீங்கிவிட்டது, வெளியே வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டாது என்று என் மாமியார் ஆறுதல் சொன்னார். காலையில் மருத்துவமனையில் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து இருட்டறையில் படுக்க வைத்திருக்கிறோம். போன், டிவி, பள்ளி எதுவும் இல்லை. ஆனாலும் புத்தகத்தைத் திறந்தால் தலைவலிக்கிறது என்கிறான், சத்தம் கேட்டால் எரிச்சல்படுகிறான், தங்கச்சியிடம் காரணமே இல்லாமல் கத்துகிறான். அவன் அப்பா "ஸ்கேன்லயே ஒண்ணுமில்ல, படிப்புக்குப் பயந்து நடிக்கிறான்" என்கிறார். பி.டி. சார் அடுத்த வாரம் மாவட்டப் போட்டிக்கு அனுப்பச் சொல்லிப் போன் மேல் போன் போடுகிறார். மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா, எம்ஆர்ஐ எடுக்கலாமா, அவனை ஆட அனுப்பலாமா?
— ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். பி.டி. சார் எத்தனை தடவை கூப்பிட்டாலும் சரி, பையனே அழுது கெஞ்சினாலும் சரி, வேண்டாம். அவன் நடிக்கவும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அவனுக்கு வந்திருப்பது கன்கஷன், அதாவது மூளை அதிர்வு. தலைவலி, சத்தம் தாங்க முடியாமை, படிக்க முடியாமை, திடீர்க் கோபம் எல்லாம் அதன் அறிகுறிகளே. அந்தக் கோபமும் காயத்தின் ஒரு பகுதிதான், அதற்காக அவனைத் திட்டாதீர்கள், தங்கச்சிக்கும் இதைச் சொல்லிப் புரியவையுங்கள். நான் அவனை நேரில் பார்க்கவில்லை, அதனால் இதைப் படித்துவிட்டு இந்த வாரத்திலேயே ஒரு நரம்பியல் மருத்துவரிடமோ, குழந்தைநல மருத்துவரிடமோ கூட்டிப் போய்க் காட்டுங்கள். அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

ஸ்கேனிலிருந்து தொடங்கலாம், உங்கள் வீட்டில் நடக்கும் சண்டைக்கே அதுதான் காரணம். சிடி ஸ்கேன் எதைக் காட்டும்? மண்டையோட்டில் விரிசல், உள்ளே ரத்தக்கசிவு, மூளை வீக்கம். இவை இல்லை என்பது பெரிய நிம்மதி, அதில் சந்தேகமில்லை. ஆனால் கன்கஷன் ஸ்கேனில் தெரியாது, எம்ஆர்ஐயிலும் பெரும்பாலும் தெரியாது. தலை திடீரென்று குலுங்கும்போது மூளை நரம்பணுக்களின் சவ்வு இழுபட்டு, உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே போகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே வருகிறது. இதைப் பழையபடி சரிசெய்ய அணுக்களுக்கு ஏராளமான சக்தி தேவை, அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. குறைந்த வோல்டேஜில் மோட்டார் ஓடுகிற கதைதான், வெளியில் பார்த்தால் மோட்டார் முழுசாக இருக்கும், ஓட்டினால் சூடாகி நின்றுவிடும். உங்கள் மகன் புத்தகத்தைத் திறந்ததும் தலைவலிப்பது இதனால்தான். இப்படிப்பட்ட காயத்தில் மருத்துவருக்குக் கிடைக்கிற முக்கியமான ஆதாரம் அடிபட்டவரின் வாய்வார்த்தை, அதோடு சமநிலை, கண் அசைவு, நினைவாற்றல் சோதனைகள். வீட்டில் அவனை நம்பாவிட்டால் அவன் சொல்வதை நிறுத்திவிடுவான். எனக்கு இருக்கிற பெரிய கவலை அதுதான்.

அவன் அப்பாவும் கிரிக்கெட் பார்ப்பவராக இருந்தால் இதைக் காட்டுங்கள். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. வெளியே போனார், சோதித்தார்கள், தேறினார், திரும்பி வந்து பேட்டும் செய்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. உடனே அவரை மேட்சிலிருந்து விலக்கி, லபுஷேனை மாற்று வீரராக இறக்கினார்கள். டெஸ்ட் கிரிக்கெட்டில் கன்கஷனுக்கு மாற்று வீரர் இறங்கியது அதுதான் முதல் தடவை. அடுத்த டெஸ்டிலும் ஸ்மித் ஆடவில்லை. அவ்வளவு மருத்துவர்கள் சுற்றி நிற்கிற இடத்திலேயே அறிகுறி தாமதமாகத்தான் வெளிப்பட்டது என்றால், மண் தரையில் அடிபட்ட பையன் எழுந்து நின்று "ஒண்ணுமில்ல சார்" என்று சொன்னதை வைத்து என்ன முடிவு செய்ய முடியும்? 2020 டிசம்பரில் கான்பெராவில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் ஸ்டார்க்கின் பந்து பட்டபோதும் அவர் அந்த ஓவரை ஆடி முடித்துவிட்டுத்தான் போனார், பிறகு அவருக்குப் பதில் சஹல் இறங்கினார். "ஆடிட்டுத்தானே போனாரு, அப்புறம் என்ன கன்கஷன்?" என்று அன்றைக்கு எத்தனை பேர் கேட்டார்கள்! ஆடி முடித்ததை வைத்துக் கன்கஷன் இல்லை என்று சொல்ல முடியாது. மயக்கம் போடாததும் அப்படித்தான். விளையாட்டில் கன்கஷன் வருகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட நினைவு தப்புவதில்லை. தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்பதுகூட இல்லை, கபடியில் ஒரு பலமான டேஷ், அதாவது ஓடிவந்து இடித்துத் தள்ளுவது, நெஞ்சில் விழுந்து தலை சடாரென்று பின்னால் போய் வந்தாலே போதும்.

பெரியப்பா விடிய விடிய விழிக்க வைத்தது பற்றி. நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அவரைக் குறை சொல்ல வேண்டாம். இந்தப் பயத்துக்கு அடிப்படையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மண்டைக்குள் ரத்தம் கசிகிற சிலர் முதலில் தெளிவாக இருந்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சரிவார்கள். 1998-ல் டாக்காவில் ஹெல்மெட் இல்லாமல் பேட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் ஃபீல்டிங் நின்ற இந்திய வீரர் ராமன் லம்பா, பந்து தலையில் பட்டபின் தானே நடந்து பெவிலியனுக்குப் போனார், பிறகு நினைவிழந்து மூன்று நாளில் இறந்துபோனார். ஆனால் அந்த ஆபத்துக்குத் தூங்கவிடாமல் வைத்திருப்பது மருந்தாகாது, தூக்கம் கோமாவைக் கொண்டுவருவதும் இல்லை. அந்த ராத்திரி செய்திருக்க வேண்டியது வேறு, வாந்தி எடுத்த உடனேயே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். மருத்துவர் பார்த்து, ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு நன்றாகத் தூங்கவிட வேண்டும், ஏனென்றால் மூளை தேறுவதே தூக்கத்தில்தான். மாமியார் சொன்ன வீக்கமும் அப்படித்தான். தோலுக்கு அடியில் ரத்தம் தேங்கி வீங்கியதை வைத்து மண்டைக்குள்ளே கசிவு இல்லை என்று சொல்ல முடியாது. வெளியே புடைத்து உள்ளேயும் கசிந்தவர்கள் உண்டு, வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே கசிந்தவர்களும் உண்டு. புடைப்பை அழுத்தித் தேய்த்துக் கரைக்கிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள், துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் போதும்.

இன்னொரு ஸ்கேன் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 12 நாள் ஆகியும் தலைவலி கூடிக்கொண்டே போகாமல், விட்டு விட்டு வருகிறது என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. பணமும் வீண், சிடி என்றால் கதிர்வீச்சும் சேரும். ஆனால் கீழே சொல்வதில் ஒன்று தெரிந்தாலும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், நேரம் பார்க்க வேண்டாம்: தலைவலி மணிக்கு மணி அதிகமாவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், வலிப்பு, வாய் குழறல், கை கால் ஒரு பக்கம் பலமிழப்பது அல்லது மரத்துப்போவது, ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுவது, ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது. வீட்டில் பெரியவர்கள் இருப்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். 65 வயதுக்கு மேற்பட்டவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர்களுக்குச் சில வாரம் கழித்துக்கூட ரத்தக்கட்டு வெளிப்படலாம்.

சரி, இப்போது நீங்கள் மாற்ற வேண்டியது. அந்த ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

முழு இருட்டு, முழு ஓய்வு என்று நாங்களே, அதாவது மருத்துவர்களே, ஒரு காலத்தில் எழுதிக் கொடுத்தோம். அதை இப்போது யாரும் பரிந்துரைப்பதில்லை. 2015-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கன்கஷன் வந்த பிள்ளைகளில் ஒரு பாதிக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வும் மற்றவர்களுக்கு ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வும் சொல்லிப் பார்த்தார்கள். அதிகமாகப் படுத்திருந்தவர்கள்தான் அதிகமான தொந்தரவுகளைச் சொன்னார்கள், சரியாக நாளும் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலக விளையாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது, முதல் 24 முதல் 48 மணி நேரம் மட்டும் ஓய்வு, பிறகு மெல்ல மெல்ல நடமாட்டம். போனைப் பிடுங்கி வைத்ததும் அந்த முதல் 48 மணி நேரத்துக்குச் சரியே, அந்த நேரத்தில் திரையைப் பார்க்காதவர்கள் சீக்கிரம் தேறியதை 2021-ல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் 12 நாளாக நண்பர்கள் குரலே கேட்காமல், மேட்சும் போய், வகுப்பும் போய், அப்பாவும் நம்பாமல் இருட்டில் படுத்திருந்தால் தலையில் அடிபடாத பையனுக்கே தலைவலி வரும், தூக்கம் கெடும், மனசு உடைந்துபோகும். அவனுக்கு இப்போது இருக்கிற எரிச்சலில் எவ்வளவு காயத்தால் வந்தது, எவ்வளவு இந்த அறையால் வந்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

நாளைக்குச் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அவனை நடக்கக் கூட்டிப் போங்கள், அப்பாவே கூட்டிப் போனால் இன்னும் நல்லது. பதினைந்து இருபது நிமிடம் போதும். கிளம்பும் முன் "தலைவலி பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள். மூன்று என்றால், நடக்கும்போது நாலு ஐந்து வரை போகலாம், ஒரு மணி நேரத்துக்குள் அது பழையபடி இறங்கிவிட வேண்டும். இறங்கினால் அடுத்த நாள் கொஞ்சம் கூட்டலாம். அதற்கு மேல் போனாலோ, இறங்காமல் நின்றாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் குறைவாகச் செய்யுங்கள். படிப்புக்கும் இதே கணக்குதான். பதினைந்து நிமிடம் படிக்கட்டும், கண்ணை மூடி ஐந்து பத்து நிமிடம் இருக்கட்டும், திரும்பவும் படிக்கட்டும். கொஞ்சம் தலைவலித்தால் மூளை கெட்டுப்போகிறது என்று பயப்பட வேண்டாம். அந்தப் பயத்தால்தான் பல வீடுகளில் பிள்ளைகள் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கிறார்கள்.

இரண்டு மூன்று நாளில் இது பழகியதும் பள்ளிக்கு அரை நாள் அனுப்புங்கள். போட்டிக்கு முன்னால் பள்ளி, இந்த வரிசை மாறக் கூடாது. தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதம் கொடுங்கள்: சத்தம் குறைந்த இடத்தில் உட்கார வைக்க வேண்டும், தலைவலித்தால் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார விட வேண்டும், வீட்டுப்பாடத்தைக் குறைக்க வேண்டும், மாதத் தேர்வைத் தள்ளி எழுத அனுமதிக்க வேண்டும், பி.டி. பீரியடில் மைதானத்தில் இறக்கக் கூடாது. நீங்கள் பார்க்கிற மருத்துவரிடமே இந்தக் கடிதத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோர் சொன்னால் செல்லம் கொடுக்கிறார்கள் என்பார்கள், மருத்துவர் எழுதினால் மதிப்பார்கள். தலைசுற்றல் முழுக்கப் போகும் வரை ரோட்டில் சைக்கிள் ஓட்டுவது, மரம் ஏறுவது, கிணற்றில் குதிப்பது எல்லாம் கிடையாது.

மாத்திரை என்ன கொடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும், அதையும் வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தினமும் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அடிபட்ட முதல் இரண்டு நாளில் ஆஸ்பிரின், புரூஃபென் வகைகளைத் தவிர்ப்போம், ரத்தக்கசிவு இருந்தால் அதைக் கூட்டிவிடக் கூடும் என்பதால். தூக்க மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மூளைக்குச் சத்து என்று சிட்டிகோலின் மாதிரி மாத்திரைகளை நம் ஊரில் தாராளமாக எழுதுகிறார்கள். தலைக்காயத்துக்கு அது பலன் தருகிறதா என்று அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்து 2012-ல் முடிவு வெளியிட்டார்கள், பலன் இல்லை. அந்தக் காசுக்கு முட்டையும் பழமும் வாங்கிக் கொடுங்கள். ஆனால் வலிப்பு மாத்திரை எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், எதற்காகக் கொடுத்தீர்கள், எவ்வளவு நாளைக்கு என்று எழுதியவரிடமே கேளுங்கள்.

இனி பி.டி. சார். அவரும் பையன் மேல் அக்கறை இருப்பவராகத்தான் இருப்பார், ஒரு நல்ல ரெய்டர் இல்லாமல் மாவட்டப் போட்டிக்குப் போவது அவருக்கும் கஷ்டம். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. முதல் காயம் ஆறும் முன் தலையில் இரண்டாவது அடி விழுந்தால், அது சின்ன அடியாக இருந்தாலும், மூளை திடீரென்று வீங்கி உயிரே போகலாம். அபூர்வமாகத்தான் நடக்கும், நடப்பது பெரும்பாலும் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு. கனடாவில் 2013-ல் ரோவன் ஸ்டிரிங்கர் என்ற 17 வயது ரக்பி வீராங்கனை ஒரே வாரத்துக்குள் அடுத்தடுத்து தலையில் அடிபட்டு இறந்தாள். தலைவலிப்பதைத் தோழிகளுக்கு மெசேஜில் சொல்லியிருந்தாள், ஆனாலும் அடுத்த மேட்சில் இறங்கினாள். அவள் பெயரிலேயே ஒன்டாரியோ மாகாணம் 2018-ல் சட்டம் கொண்டுவந்தது, கன்கஷன் சந்தேகம் என்றால் பிள்ளையை உடனே ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று. நம் பள்ளி மைதானங்களில் இப்படி ஒரு விதி எழுதி ஒட்டப்படும் நாள் வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. அது வரும் வரை வீட்டில்தான் "முடியாது" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. உயிர் ஆபத்து வராவிட்டாலும் நஷ்டம் உண்டு, அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடியவர்கள், உடனே வெளியேறியவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நாள் எடுத்துத் தேறியதை 2016-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் மகனும் மேட்சை முடித்துவிட்டுத்தான் வந்தான், அதனால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அவன் திரும்ப ஆடுவானா? ஆடுவான். பிள்ளைகள் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள், 12-ஆம் நாளில் தலைவலிப்பது அந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. மைதானத்துக்குத் திரும்புவதும் படிப்படியாக நடக்க வேண்டும், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். முதலில் வீட்டு வேலை, நடை. பிறகு மெதுவான ஓட்டம், கொஞ்சம் மூச்சு வாங்கும் அளவுக்கு. அப்புறம் தனியாகக் கபடி அடிவைப்புகள், போனஸ் கோட்டைத் தொடுவது, திரும்புவது, காலை நீட்டி எடுப்பது, யாரும் மேலே படாமல். இது வரைக்கும் லேசான தலைவலி இருந்தால் பரவாயில்லை. இதற்கு அடுத்ததாக அணியோடு சேர்ந்த பயிற்சி, ஆனால் பிடி கிடையாது, இங்கே வரும்போது ஓடினாலும் படித்தாலும் ஒரு தொந்தரவும் இருக்கக் கூடாது. அதன் பிறகு மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் டேஷ், கணுக்காலைப் பிடித்து மடக்கும் ஆங்கிள் ஹோல்டு எல்லாம் உள்ள முழுப் பயிற்சி, கடைசியில் மேட்ச். நடுவில் தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும், அதை அவன் தோல்வியாக எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது கழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தலை குலுங்கும்போது கழுத்துத் தசையும் சுளுக்கிக்கொள்கிறது, பலருக்குப் பின்தலைவலி அங்கிருந்துதான் கிளம்புகிறது, பிசியோதெரபியில் நன்றாகக் குறையும். படுத்து எழும்போதோ திரும்பிப் படுக்கும்போதோ அறை சுற்றுகிறது என்றால் அதையும் சொல்லச் சொல்லுங்கள். அது உள்காதுக் கோளாறாக இருக்கலாம், தலையைச் சில கோணங்களில் திருப்பிச் செய்யும் ஒரு சிகிச்சையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். நான்கு வாரம் தாண்டியும் தலைவலி, மறதி, தூக்கமின்மை நீடித்தால் "அது அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது, ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சிகிச்சை இருக்கிறது. அவன் எதிலும் பிடிப்பில்லாமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் அந்த நான்கு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள்.

பி.டி. சாருக்கு நீங்கள் அனுப்ப ஒரு செய்தி எழுதித் தருகிறேன், அப்படியே அனுப்பலாம்: "சார், பையனுக்குக் கன்கஷன். ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் இன்னும் தலைவலி இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வரை அவனை எந்த மேட்சிலும் இறக்க மாட்டோம். தேறியதும் எப்படிப் பயிற்சிக்குத் திரும்புவது என்ற வரிசையை மருத்துவரிடம் வாங்கி உங்களிடம் தருகிறோம், நீங்கள்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்." அவரையும் நம் பக்கம் சேர்த்துக்கொள்வோம். மருத்துவரைப் பார்த்த பிறகு அவர் சொன்னதையும், அரை நாள் பள்ளி எப்படிப் போகிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.